பழைய ராணுவ லாரியில் முதல் வேலை பிரேக்: எம்35ஏ2-வின் காற்று-ஆயில் பிரேக் எளிய விளக்கம்

ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரி பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் யாருக்கும் கை போவது இன்ஜின் பக்கம்தான். பேட்டரி மாட்டி, டீசல் ஊற்றி, செல்ஃப் அடித்து, புகைக்குழாயில் கறுப்பாக ஒரு குமுறல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நினைப்பு. அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரியில் இந்த வரிசை ஆளைக் கொல்லும். இன்ஜின் பல வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். பிரேக் அப்படி இல்லை. வெறும் வண்டியே ஏறக்குறைய 6 டன். அதை நிறுத்த வேண்டிய ஆறு பிரேக் டிரம்முக்கும் ஆயில் போவது ஒரே லைனில். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) கசிந்துவிட்டால், போவது அந்த ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டுமல்ல, ஆறும்தான். அதனால் இந்த வண்டியில் கை வைக்கும் புதியவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பிரேக்கை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எம்35 வரிசையை முதலில் செய்தது ரியோ கம்பெனி, 1950-ல். பின்னால் கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் ஆகியவையும் செய்தன. "டியூஸ் அண்ட் எ ஹாஃப்" என்று செல்லப்பெயர். அதாவது இரண்டரை டன். அந்த இரண்டரை டன் கரடுமுரடான காட்டுப்பாதையில் ஏற்றும் சுமைக் கணக்கு. நல்ல சாலையில் 5 டன் வரை ஏற்றலாம். மூன்று ஆக்ஸில், ஆறு சக்கரத்துக்கும் இழுவை, பின்னால் இரட்டை டயர். ஏ2 ரகத்தில் இருப்பது 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் மல்டிஃப்யூயல் இன்ஜின். டீசலில் மட்டுமல்லாமல் மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் போன்றவற்றிலும் ஓடும்படி செய்தது. அதன் எரிப்பு முறை ஜெர்மனியின் மான் கம்பெனியுடையது. நம் ஜபல்பூரில் 1959 முதல் தயாரான சக்திமான் லாரியும் மான் லைசென்ஸில் வந்ததுதான். ஏலத்தில் எடுப்பவர்கள் எஸ்.எஃப்.97 என்ற அரசுச் சான்று கையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அமெரிக்காவில் அது இல்லாமல் வண்டியைப் பதிவு செய்வது பெரும்பாடு.

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது

கார் பிரேக் முழுக்க ஆயிலில் வேலை செய்யும். பெரிய லாரி, பஸ் பிரேக் முழுக்கக் காற்றில். எம்35ஏ2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சக்கரத்தில் ஷூவை, அதாவது டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் கட்டையை, தள்ளுவது ஆயில். அந்த ஆயிலுக்குப் பலம் கொடுப்பது காற்று.

பெடலை மிதித்ததும் கேபின் தரைக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் நேரே சக்கரத்துக்குப் போகாமல், சேஸில் மாட்டியிருக்கும் ஒரு உருளைக்குள் நுழையும். மேனுவலில் இதன் பெயர் ஏர்-பேக். விபத்தில் விரியும் பையோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே பூஸ்டர் என்றே சொல்லலாம். பூஸ்டருக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயில் அழுத்தம் அந்த வால்வைத் திறக்கும். உடனே ஏர் டேங்கிலிருந்து காற்று பாய்ந்து ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பெரிய பிஸ்டனின் தண்டு ஒரு சின்ன ஆயில் பிஸ்டனைத் தள்ளும். சக்கரங்களுக்குப் போவது இந்தச் சின்ன பிஸ்டன் அழுத்தும் ஆயில்.

பெரிய பிஸ்டன் சின்ன பிஸ்டனைத் தள்ளுவதில் என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டால் விளங்கும். பெரிய பிஸ்டன் 4 அங்குல விட்டம், சின்னது 1 அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்வோம் (புரிவதற்காக எடுத்த எண்கள்தான்). 4 அங்குல பிஸ்டனின் பரப்பு சுமார் 12.5 சதுர அங்குலம். அதன் மேல் 90 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) காற்று விழுந்தால் 1,100 பவுண்டுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். அந்த விசை முழுவதும் 0.78 சதுர அங்குலமே உள்ள சின்ன பிஸ்டன் மேல் விழும்போது ஆயில் அழுத்தம் 1,400 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும். காலால் மிதித்தது வால்வைத் திறக்கப் போதுமான அளவு. மீதிப் பலம் காற்றுடையது.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் ஆழமாகப் பதிய வைக்க வேண்டும். காற்று போனால் என்ன ஆகும், ஆயில் போனால் என்ன ஆகும் என்பது இரண்டும் ஒன்றல்ல. டேங்கில் காற்றே இல்லாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் பூஸ்டரைக் கடந்து சக்கரத்துக்குப் போகும். பெடல் கல் மாதிரி இருக்கும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும், வண்டி நிற்கத் தூரம் எடுக்கும். ஆனாலும் கொஞ்சம் பிடிக்கும். ஆயில் லைன் விட்டால், டேங்கில் 120 பி.எஸ்.ஐ. காற்று இருந்தும் ஒரு புண்ணியமும் இல்லை. பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் காற்றுக்கு மீட்டர் உண்டு, அழுத்தம் சுமார் 60-க்குக் கீழே போனால் அலறும் பஸ்ஸரும் உண்டு. உயிரைக் காக்கும் ஆயிலுக்கு மீட்டரும் இல்லை, பஸ்ஸரும் இல்லை. அதைக் கவனிக்க வேண்டியது நம் கண்தான்.

எந்த ஆயில் உள்ளே இருக்கிறது?

"பிரேக் ஆயில்" என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் கிடையாது. இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு சொட்டு உள்ளே போனாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்துவிடும். பிறகு லைனில் உள்ள எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ராணுவ வண்டிகளில் இதனால் சிலிண்டர்கள் துருப்பிடித்தன. அமெரிக்க ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் சிலிக்கோன் வகைக்கு மாறியது. அதுதான் டாட் 5, ஊதா நிறம். ஆகவே ஏலத்தில் வரும் எம்35ஏ2-வில் பெரும்பாலும் டாட் 5 இருக்கும். ஆனால் இடையில் கைமாறிய வண்டியில் முந்தைய ஆள் எதை ஊற்றினார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் கலந்தால் ஒன்றோடொன்று சேராமல் சேறு மாதிரி ஆகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். கண்ணாடிச் சீசா ஒன்றில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ஸ்பூன் ஆயில் எடுத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டால் கிளைகால். தண்ணீர் கீழேயும் ஆயில் மேலேயும் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றால் சிலிக்கோன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஊதா நிறம் நாளாக ஆக வெளிறி மஞ்சளாகிவிடும், பார்க்க டாட் 3 மாதிரியே இருக்கும்.

கடையில் இன்னொரு பொறி இருக்கிறது: டாட் 5.1. பெயரில் 5 இருப்பதால் டாட் 5-ன் மேம்பட்ட ரகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது கிளைகால். சிலிக்கோன் வண்டியில் ஊற்றவே கூடாது. டப்பாவில் சிலிக்கோன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழு லைனையும் கழுவி நிரப்ப ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் வாங்கி வைத்தால் இடையில் நிற்காது.

சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது என்பதற்காக உள்ளே துரு இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீர் அதில் கலக்காததால் அப்படியே கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தங்கும். வீல் சிலிண்டரின் அடிப்பக்கம்தான் அந்த இடம். சிலிண்டரைத் திறந்தால் மேல் பாதி கண்ணாடியாக மின்னும். அடியில் ஒரு கோடாகக் குழிக்குழியாகத் துரு தின்றிருக்கும்.

சக்கரத்தைக் கழற்றும் முன்

பிரேக்கைத் திறக்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பது எது? கை பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால், ஷாஃப்ட்டைப் பிடிக்கும்படி இருக்கிறது, சக்கரத்தில் இல்லை. ஒரு பின் ஆக்ஸிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாலோ, ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவிவிட்டாலோ, டிஃபரன்ஷியல் சுழன்று அந்த ஆக்ஸிலில் கை பிரேக்கின் பிடி போய்விடும். அதனால் கை பிரேக்கை இழுத்தாயிற்று என்று வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட வேண்டும். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்.

இடது பக்க சக்கர நட்டுகளுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வலது பக்கத்துக்கு வழக்கமான வலது மரை. ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்தால் இடது, வலதுக்கான எழுத்து பொறித்திருக்கும். இது தெரியாமல் ஆறடிக் குழாயைச் செருகித் தவறான பக்கம் தொங்கி ஸ்டட்டை முறிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பின் சக்கரத்தில் இரட்டை டயர் என்பதால் நட்டும் இரண்டு அடுக்கு. வெளி டயரைப் பிடிக்கும் ஒன்றரை அங்குல அறுகோண நட்டு, உள் டயரைப் பிடிக்கும் தொப்பி நட்டின் மேல் ஏறி நிற்கும். வெளி நட்டைக் கழற்றும்போது உள் தொப்பியும் சேர்ந்து சுழன்று வரலாம். அப்படி வந்தால் உள்ளே 13/16 அங்குலச் சதுர சாக்கெட் போட்டு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டயரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை, இதில் சமாதானமே கிடையாது. 9.00-20 டயரைப் பிடித்திருப்பது லாக் ரிங் வைத்த டிஸ்க். துருப்பிடித்த ரிங் காற்றழுத்தத்தில் தெறித்தால் எதிரே இருப்பவர் பிழைக்க மாட்டார். சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். இரட்டை டயரில் இரண்டையும் இறக்குங்கள். திரும்பக் காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் மட்டும், நீளமான ஹோஸோடு, ஓரமாக நின்றுகொண்டு. கூண்டு இல்லாவிட்டால் லாரி டயர் கடைக்கு எடுத்துப் போங்கள்.

டிரம்முக்குள்

இந்த வண்டியில் டிரம் மட்டும் தனியாக வராது. ஹப்போடு சேர்ந்தே வரும். முதலில் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவ வேண்டும். உள்ளே வெளி நட்டு, மடித்த லாக் வாஷர், உள் நட்டு என்று மூன்று இருக்கும். அந்த நட்டுக்குச் சுமார் 3 அங்குல சாக்கெட் தேவை. உளியால் தட்டிச் சுற்றினால் பேரிங்கின் சரியான இறுக்கம் ஒருநாளும் வராது, சாக்கெட்டையே வாங்கிவிடுங்கள். டிரம்மை இழுக்கும் முன் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யும் கேம்களை (திருப்பினால் ஷூவை டிரம் பக்கம் தள்ளும் துண்டுகள்) தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டு வராது. ஹப்பும் டிரம்மும் சேர்ந்த எடை ஒரு ஆள் தூக்கும் எடை அல்ல. அடியில் பலகையில் கிரீஸ் தடவி அதன் மேல் சறுக்கி எடுப்பது பழைய வழி. சக்கர டாலி இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஷூவில் எண்ணெய் இருக்கிறதா என்று. லைனிங் கறுத்து, பளபளத்து, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். ஹப்பின் உள் ஆயில் சீல் விட்டிருக்கிறது. ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டித் திரும்பப் போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பார்க்கும் பழக்கம்தான். இந்த எடை உள்ள வண்டியில் அது வேண்டாம். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். ஷூவை மாற்றுங்கள்.

சீல் ஏன் விட்டது என்பதையும் பார்க்காமல் புது சீல் போட்டுப் பயனில்லை. ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே காற்றுப் போக்கி ஒன்று இருக்கும், சின்ன மூடி போல. அது சேறும் பெயின்ட்டும் அடைத்துக்கிடந்தால், ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து, வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். போக்கியைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் அசைகிறதா என்று பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் அதே சக்கரத்தை மூன்று தடவை பிரித்தவர்கள் உண்டு.

பிறகு வீல் சிலிண்டர். இரண்டு பக்க ரப்பர் மூடியையும் விரலால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் வாஷர் விட்டுவிட்டது. உட்சுவரை ஹோன் (சாணைக்கல் வைத்த கருவி) போட்டுத் தேய்த்து வாஷர் கிட் மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். நகத்தால் தடவிப் பார்க்கும்போது குழி நகத்தில் மாட்டினால் அந்த சிலிண்டர் வேண்டாம். இந்த வண்டிக்குப் புது சிலிண்டர்கள் இன்னும் கிடைக்கின்றன. ஒரே லைனில் ஓடும் வண்டியில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. ஒன்று விட்டிருந்தால் ஆறையும் மாற்றுவதே சரி, ஏனென்றால் ஆறுக்கும் ஒரே வயது.

ரப்பர் ஹோஸ்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெளியே நன்றாக இருக்கும் ஹோஸின் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம். அதன் அடையாளம்: பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே இருக்கும். காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது. திரும்பி வரத் தள்ளுவது ரிடர்ன் ஸ்பிரிங் மட்டும், அந்த இடுக்கைக் கடக்க அதனால் முடியவில்லை. சந்தேகம் இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (லைனில் உள்ள காற்றை வெளியேவிடும் சின்னத் திருகு) திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுற்ற ஆரம்பித்தால் ஹோஸ்தான். வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய்களில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களைக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், துரு அதற்கடியில்தான் தின்னும். மாற்றும் குழாய் இரும்பாகவோ செம்பு-நிக்கல் கலவையாகவோ இருக்கட்டும். வெறும் செம்புக் குழாய் கூடாது. முனை இரட்டை மடிப்பு ஃபிளேர் ஆக இருக்க வேண்டும்; தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்து ஜாயின்ட்டைப் பிரேக் லைனில் போடவே கூடாது.

மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும்

மாஸ்டர் சிலிண்டரின் வாய்க்குப் போக ஓட்டுநர் காலடியில் ஒரு தகட்டைக் கழற்ற வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே வருடக்கணக்கான மண் உட்கார்ந்திருக்கும், ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் வாஷரைக் கீறும். ஆயில் மட்டம் வாயிலிருந்து சுமார் அரை அங்குலம் கீழே நிற்கட்டும்.

ஆழமான தண்ணீரில் இறங்கும் வண்டி என்பதால் மாஸ்டர் சிலிண்டரின் காற்றுப் போக்கியை ஒரு குழாயோடு இணைத்து மேலே கொண்டு போயிருக்கிறார்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் இந்த மாதிரித் திறந்த குழாய் முனைகளில் குளவி மண்கூடு கட்டிவிடும். போக்கி அடைத்தால் பிரேக் சரியாக விடாது. கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள். பெடலில் கால் முதல் அரை அங்குலம் வரை தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே இருக்கும். ஓட ஓட எல்லாச் சக்கரமும் சேர்ந்து இறுகிக்கொண்டே போகும்.

ஆயில் குறைகிறது, ஆனால் எந்தச் சக்கரத்திலும் எந்தக் குழாயிலும் ஈரமே இல்லை. இந்தப் புதிருக்கு விடை பூஸ்டரில் இருக்கிறது. உள்ளே ஆயில் பக்கத்தைக் காற்றுப் பக்கத்திலிருந்து பிரிக்கும் சீல் தேய்ந்தால், ஆயில் காற்று அறைக்குள் கசிந்து, பெடலை விடும்போது வெளியேறும் காற்றோடு போய்விடும். பூஸ்டரின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள், ஆயில் வடிந்தால் பூஸ்டரைப் புதுப்பிக்க வேண்டும். புதியவர் பிரித்துப் பழக ஏற்ற சாமான் இது அல்ல. புதுப்பித்த பூஸ்டர் வாங்கி மாட்டுவது நல்லது.

பிளீடிங்

ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பிளீடிங். லைனில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். காலின் பலம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். சிலிக்கோனில் குமிழி எளிதில் கலந்துகொண்டு வெளியேறத் தாமதிக்கும் என்பதால் டப்பாவைக் குலுக்காதீர்கள். உயரத்திலிருந்து ஊற்றாமல், ஓரமாகச் சாய்த்து மெல்ல ஊற்றுங்கள்.

ஏர் டேங்க்குகளைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள். பூஸ்டரில் இருக்கும் நிப்பிள்களை முதலில் முடித்து, அதன் பிறகு மிகத் தொலைவில் உள்ள பின் சக்கரத்திலிருந்து முன்னுக்கு வாருங்கள். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவர் "மிதி" என்றால் மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்பார். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூடி, "விடு". மூடும் முன் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வது அதனால்தான். பத்துப் பன்னிரண்டு மிதிக்கு ஒரு தடவை மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்து ஊற்றுங்கள். வறண்டுபோனால் பூஸ்டரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பெடல் இன்னும் சரியில்லை என்றால் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழுந்தால் லைனில் காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே ஏறிக் கெட்டியானால் அது பெரும்பாலும் காற்று இல்லை, அட்ஜஸ்ட்மென்ட். ஆறு டிரம், பன்னிரண்டு ஷூ. ஒவ்வொன்றிலும் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் அத்தனையையும் நிரப்ப ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் ஆயில் கொடுக்க வேண்டும். ஒரு மிதியில் போதாது. இதற்குக் கேலன் கணக்கில் பிளீடிங் செய்தும் பயனில்லை.

அட்ஜஸ்ட் செய்ய ஒவ்வொரு சக்கரத்தின் பின்தகட்டிலும் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு கேம் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிக்கொண்டே, ஷூ டிரம்மில் உரசிச் சக்கரம் இறுகும் வரை கேமைத் திருப்புங்கள். பிறகு உரசல் விடும் அளவு மட்டும் பின்னுக்கு வாருங்கள். அடுத்த ஷூவுக்கும் அதேதான். புது ஷூ போட்டிருந்தால் கீழே உள்ள ஆங்கர் போல்ட்டுகளையும் மேனுவல்படி அமைக்க வேண்டும். இந்த வண்டிக்கான ராணுவத்தின் டி.எம். 9-2320-361 வரிசை மேனுவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நட்டுகளின் டார்க் (எவ்வளவு இறுக்குவது என்ற அளவு), பேரிங் இறுக்கம் எல்லாவற்றுக்கும் அதில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள், காதுவழிச் செய்தியை அல்ல.

காற்றுப் பக்கம்

காற்றைக் கொடுக்கும் கம்ப்ரஸர் இன்ஜினோடு ஓடுவது. ஆகவே இன்ஜினை இப்போது எழுப்பலாம், ஒரு முன்னெச்சரிக்கையோடு. முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் அளவுக்கு மேலே ஏறி, டீசல் வாடை அடித்தால், பம்ப்பிலிருந்து டீசல் இன்ஜின் ஆயிலில் கசிந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் செல்ஃப் அடிக்கக் கூடாது. டீசல் கலந்த ஆயிலையே குடித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கலாம். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப் கேபிள் துருப்பிடிக்காமல் பம்ப் வரை அசைகிறதா என்று பார்த்துவிட்டு, காற்று நுழையும் வாயை மூட ஒரு தட்டையான பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடும் வழக்கம் இங்கே உதவாது.

மீட்டர் 100-ஐத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்தி, பெடலைத் தொடாமல் காது கொடுங்கள். "ஸ்ஸ்" என்று கேட்டால் சோப்பு நுரையைத் தடவி ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் தேடுங்கள். பூஸ்டரின் வெளியேற்றும் வாயிலிருந்தே வந்தால் உள்ளே உள்ள வால்வு சரியாக உட்காரவில்லை. பெடலை மிதித்தபோது மட்டும் இடைவிடாமல் காற்று ஓடினால் பிஸ்டன் பக்க சீல் போயிருக்கிறது. மிதித்து விட்டதும் ஒருமுறை மட்டும் பெருமூச்சு மாதிரி வருவது சரியான சத்தம். டேங்க்குகளின் அடித்திருகைத் திறந்து தினமும் தண்ணீரை வடியுங்கள். தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் நிறைய வந்தால் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருக்கிறது.

சாலைக்கு முன்

காற்று 90-க்கு மேல் நிற்கும்போது பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, இன்னொருவர் டார்ச் லைட்டோடு ஆறு சக்கரத்தின் பின்புறத்தையும் எல்லா ஹோஸையும் பார்க்க வேண்டும். வழக்கமான ஓட்டத்தில் வராத அழுத்தம் இது. விட வேண்டியது இங்கேயே விடட்டும். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, நகர்த்தாதீர்கள்.

பிறகு சமதளமான காலி இடம், லோ ரேஞ்ச், முதல் கியர். நடை வேகத்தில் இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பாருங்கள். கை பிரேக் தனியாக வண்டியைப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். தளர்வாக இருந்தால் நெம்புகோலின் தலையில் உள்ள குமிழைத் திருப்பி இறுக்கலாம். ஆயில் லைன் விட்ட நேரத்தில் கையில் மிஞ்சுவது அதுவும் கியரும்தான். அதன் பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு மைல் ஓட்டி, இறங்கி ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள், வெப்பம் தெரியும் தூரம் போதும். ஆறும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிடித்தபடி ஓடுகிறது: கேம் அதிக இறுக்கம், அல்லது அடைத்த ஹோஸ், அல்லது இறுகிய பேரிங். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, சிலிண்டர் பிஸ்டன் ஒட்டியிருக்கலாம்.

ஒற்றை லைனை இரண்டாகப் பிரித்து, இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் கொடுப்பவர்கள் உண்டு. குடும்பத்தை ஏற்றிச் சாலையில் ஓட்டப் போகிறவர்களுக்கு அது செலவுக்கு ஏற்ற வேலை. பெடல் நெம்புகோலின் அளவு, பூஸ்டர் ஏற்பாடு எல்லாம் மாறும் என்பதால், முதலில் மூல அமைப்பை ஒரு முறை முழுதாகப் பிரித்துச் சேர்த்துப் பழகிய பிறகு அதில் இறங்குங்கள்.

முதல் 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பின் சக்கரத்தில் வெளி நட்டைத் தளர்த்தி, உள் தொப்பி நட்டை இறுக்கி, அதற்குப் பிறகு வெளி நட்டு. அன்றே மாஸ்டர் சிலிண்டர் மட்டத்தைப் பார்த்து, மூடியின் பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அந்தக் கோட்டிலிருந்து ஆயில் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல், எங்கே போனது என்று கண்டுபிடித்த பிறகே வண்டியை எடுங்கள்.